புதுப்பிப்பு: நண்பர்களுக்கு ஹோட்டலா, வீட்டுச் சாப்பாடா?

சென்னையிலிருந்து நாகர்கோவில் வரும் நண்பர்களுக்கு எங்கே சாப்பாடு என்று முன்பு கேட்டிருந்தேன். "ரசவடை, புரோட்டா எல்லாம் கடையில், மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீனும் வீட்டில்" என்றுதான் பலரும் சொன்னீர்கள். அப்படியே செய்தோம்.

ரசவடை எல்லாருக்கும் பிடித்துவிட்டது. ஹோட்டல் மதியச் சாப்பாட்டில்தான் சின்னச் சிக்கல்: தடித்த சம்பா சோற்றைப் பார்த்து ஒருவன் முழித்தான். புளிசேரி (நம்மூர் மோர்க்குழம்பு) ஊற்றியதும் சத்தமில்லை.

வீட்டு விருந்துதான் களைகட்டியது. மரச்சீனியை உப்புப் போட்டு வேகவைத்து, தண்ணீரை முழுக்க வடித்தார் அம்மா. (வடிக்காமல் விடாதீர்கள், கிழங்கில் உள்ள நச்சுப்பொருள் அந்தத் தண்ணீரில்தான் இறங்கும்.) தேங்காய், சீரகம், பச்சைமிளகாய், மஞ்சள் எல்லாம் கொரகொரப்பாக அரைத்துச் சேர்த்து மசித்தார். தொட்டுக்கொள்ள மாங்காய் போட்ட சாளை (மத்தி மீன்) குழம்பு.

மார்த்தாண்டத்து நண்பன் வீட்டிலிருந்து உள்ளித்தீயல் (வறுத்த தேங்காய் அரைத்த சின்ன வெங்காயக் குழம்பு) தூக்குவாளியில் வந்தது. தேங்காயைக் கருஞ்சிவப்பாக வறுத்து, எண்ணெய் கசியும்வரை அரைத்திருந்தார்கள். அந்த நிறத்தை எந்த ஹோட்டலிலும் நான் பார்த்ததில்லை. அவ்வளவு நேரம் அடுப்படியில் நிற்க ஹோட்டல்காரர்களுக்கு ஏது பொறுமை? சென்னைக்காரர்கள் கொண்டுவந்த வத்தக்குழம்புக்கும் நல்ல கிராக்கி, அம்மா ஒரு பாட்டில் எடுத்து வைத்துக்கொண்டார்.

அப்புறம், ஊருக்குக் கொண்டுபோக என்ன கொடுக்கலாம் என்று கேட்டவருக்கு: மட்டிப்பழம், நம்மூர் வாழைப்பழ வகை. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். செங்காயாகப் பார்த்து வாங்குங்கள், நன்றாகப் பழுத்தது ரயிலில் நசுங்கிவிடும்.