மறு: [சொல்லாக்கம்] பள்ளி நர்ஸ், டெலிகேஷன் - வியாழனுக்குள்ள ஒரு சொல் வேணும்

செ.ம., எடிசன், நியூ ஜெர்சி:

எல்லாருக்கும் வணக்கம். இங்க ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல பெற்றோருக்குக் குடுக்குற ஹெல்த் ஃபாரத்தை தமிழ்ல மாத்தித் தர்றேன்னு ஒத்துக்கிட்டேன், வியாழன் ராத்திரிக்குள்ள அனுப்பணும். எல்லாம் முடிஞ்சிது, ஒரே ஒரு சொல்லுல மூணு நாளா நிக்கிறேன். டெலிகேஷன். வேர்க்கடலை அலர்ஜி இருக்குற பிள்ளைக்கு திடீர்னு மூச்சு அடைச்சா எபிநெஃப்ரின் ஊசி போடணும், அந்த நேரத்துல நர்ஸ் அங்க இல்லைன்னா, நர்ஸ் ஏற்கனவே பயிற்சி குடுத்து வச்சிருக்குற ஒரு டீச்சரோ ஆபீஸ்ல இருக்குறவரோ போடலாம். நியூ ஜெர்சி சட்டத்துல அவருக்குப் பேரு டெலிகேட். அவர் தானா முன்வந்தவரா இருக்கணும், பெற்றோர் எழுத்துல சம்மதம் தரணும். அந்தக் கையெழுத்துக்கு மேல இருக்குற வரியிலதான் மாட்டிக்கிட்டேன். மெஷின்ல போட்டா டெலிகேஷனுக்கு 'தூதுக்குழு'ன்னு வருது, டெலிகேட்டுக்கு 'பிரதிநிதி'ன்னு வருது. எங்க அப்பார்ட்மென்ட்ல ஒரு அம்மா, திண்டுக்கல்லேருந்து வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது, பையனுக்கு இதே அலர்ஜி. படிச்சிட்டு "பிரதிநிதின்னா யாரோட பிரதிநிதி, அவரு ஏன் என் பிள்ளைக்கு ஊசி போடுறாரு"ன்னு கேட்டாங்க. அவங்களுக்குப் புரியணும், அப்புறம்தான் கையெழுத்து.

கூடவே ஸ்கோப் ஆஃப் பிராக்டிஸ், அதாவது நர்ஸ் எதுவரைக்கும் செய்யலாம்னு சட்டம் போட்டிருக்குற எல்லை, அதுக்கும் ஒண்ணு வேணும்.

இ.க., மதுரை:

அம்மா, இதுக்கு எங்கயும் அலைய வேண்டாம், வள்ளுவர் சொல்லி வச்சிட்டார். தெரிந்து வினையாடல், 517. 'இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்.' இந்த வேலையை இந்த வழியில இவன் முடிப்பான்னு ஆராஞ்சு பாத்து, அதை அவன்கிட்ட விடணும்னு அர்த்தம். வினைவிடல்னே போடுங்க. இன்னொண்ணு, தயவுசெஞ்சு நர்ஸ்னு எழுதாதீங்க, செவிலியர்னு எழுதுங்க. அகப்பாட்டுல பெத்தவ நற்றாய், கூடவே இருந்து வளர்த்தவ செவிலி. பெத்தவங்க பக்கத்துல இல்லாத நேரத்துல பிள்ளையைப் பாத்துக்குறவங்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலயும் கிடையாது.

ஜெ.ஆ., கோவை:

ஐயா, நான் நர்சிங் காலேஜ்ல பாடம் எடுத்து ரிட்டயர் ஆனவங்க. நீங்க குறளைச் சொன்னதும் எனக்கு சிலிர்த்துப் போச்சு. டெலிகேஷனுக்கு நாங்க அஞ்சு 'சரி' சொல்லிக் குடுப்போம். சரியான வேலை, சரியான சூழ்நிலை, சரியான ஆள், சரியான அறிவுறுத்தல், சரியான மேற்பார்வையும் மதிப்பீடும். இதனை, இதனால், இவன்னு மூணு அதுலயே வந்துருது பாருங்க. ஆனா கடைசியில வர்ற 'விடல்'தான் எனக்கு ஒத்து வரலைங்க. நர்ஸ் விடறதே இல்லையே! ஊசி குத்துற கைதான் மாறுது, அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு பதில் சொல்ல வேண்டியவங்க நர்ஸ்தான். குத்துனவருக்கும் பொறுப்பு உண்டு, கத்துக்கிட்டபடி செஞ்சாரான்னு. அப்புறம் எல்லாத்தையும் இப்படிக் குடுத்துர முடியாதுங்க, பிள்ளையைப் பரிசோதிச்சு முடிவெடுக்குற மூளை வேலையை நர்ஸ் யார்கிட்டயும் குடுக்கக் கூடாது. வேலையை மட்டும் குடுத்துட்டு பதில் சொல்ற கடமையைத் தன்கிட்டயே வச்சுக்குறதுதான் டெலிகேஷன். சொல்லுல அது தெரியலைன்னா எனக்கு வேண்டாங்க.

சி.ந., ரொறன்ரோ:

'ஒப்படைப்பு' எண்டு ஆரும் எழுத முதல் நான் சொல்லிப்போடுறன். எங்கட ஆக்களுக்கு ஒப்படை எண்டா பள்ளிக்கூடத்தில பிள்ளையளுக்குக் குடுக்கிற அசைன்மென்ட். ஃபோமை வாசிக்கிற யாழ்ப்பாணத்துத் தாய் தன்ர பிள்ளைக்கு என்னவோ வீட்டுவேலை குடுத்திருக்கினம் எண்டுதான் நினைப்பா. நேர்ஸிங்கிலயும் அசைன்மென்ட் வேற, டெலிகேஷன் வேற எல்லோ? 'அதிகாரப் பகிர்வு'ம் வேண்டாம், எங்களுக்கு அது முழுக்க அரசியல் சொல், அதுக்குப் பின்னால எத்தினை வருசத்துப் பேச்சுவார்த்தை இருக்கு. 'கையளிப்பு' எப்பிடி? செவிலியரும் எங்கட பக்கம் புழக்கத்தில இல்லை, நாங்கள் தாதி எண்டுதான் சொல்லுறது.

இ.க., மதுரை:

தாதி வடசொல் ஐயா. தாத்ரீலேருந்து வந்தது. அதோட இங்க தாதின்னா பணிப்பெண், படிச்சு லைசென்ஸ் வாங்குனவங்களை அப்படிக் கூப்பிடக் கூடாது.

சி.ந., ரொறன்ரோ:

தாத்ரீ எண்டாலும் வளர்த்த தாய்தானே, உங்கட செவிலியும் அதுதானே. எங்கட ஆஸ்பத்திரிப் போர்டுகளில காலங்காலமா இருக்கிற சொல்லை வடசொல் எண்டு தள்ளிவிட ஏலாது. சிங்கப்பூரிலயும் மலேசியாவிலயும் தாதியர்தான்.

பா.தி., சென்னை:

ஜெ.ஆ. அம்மா கேட்டது நம்ம இலக்கணத்துலயே இருக்கு. கருத்தா, அதாவது செயலைச் செய்யுறவர், ரெண்டு வகை. தச்சன் கோயில் கட்டினான்னா இயற்றுதல் கருத்தா, அரசன் கோயில் கட்டினான்னா ஏவுதல் கருத்தா. அரசன் கல்லைத் தொடலை, ஆனாலும் கோயில் அவன் பேருலதான் நிக்குது, இடிஞ்சு விழுந்தா பழியும் அவனுக்குத்தான். நர்ஸ் ஏவுதல் கருத்தா, டீச்சர் இயற்றுதல் கருத்தா. இதுக்குன்னே நம்மகிட்ட பிறவினை இருக்கு, அடுத்தவரைச் செய்ய வைக்கிற வினை, செய்-செய்வி. அதனால டெலிகேஷன்னா 'செய்விப்பு'. இங்கிலீஷ்ல கூட இவ்வளவு துல்லியம் இல்ல, அங்க டெலிகேட்டோட லத்தீன் வேர் 'தூதா அனுப்பு'ங்கிறதுதான், மெஷின் தூதுக்குழுன்னு சொல்றதும் அங்கேருந்து வந்ததுதான்.

ஜெ.ஆ., கோவை:

செய்விப்பு! இதுதாங்க. வகுப்புல இதைச் சொல்லியிருந்தா ஒரு மணி நேரப் பாடம் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்.

செ.ம., எடிசன்:

பா.தி. சார், ரொம்ப அழகா இருக்கு, ஆனா இப்பதான் கீழ போய் அந்த அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டிட்டு வர்றேன், 'செய்விப்பு'ன்னதும் "செய்வினையா?"ன்னு பதறிட்டாங்க. பிள்ளை உயிர் சம்பந்தப்பட்ட பேப்பர்ல அப்படி ஒரு பயம் வரவே கூடாது. 'டீச்சர்கிட்ட ஒப்படைக்கிறதா'ன்னு அவங்களே கேட்டாங்க, அது புரியுது.

இன்னொரு சிக்கலும் இருக்கு. டெலிகேஷன் பத்தின வழிகாட்டு நூல்கள்ல இந்த மாதிரி ஆளுக்கு 'அன்லைசென்ஸ்டு' உதவிப் பணியாளர்னு பேர். உரிமம் அற்றவர்னு அப்படியே போட்டா போலி டாக்டர் மாதிரி கேக்குது.

இ.க., மதுரை:

உழையர்னு போடுங்க. உழைன்னா பக்கம். மருந்து அதிகாரத்துல நோயாளி, மருத்துவர், மருந்து, உழைச்செல்வான்னு நாலு கூறு சொல்றாரே, பக்கத்துல நிக்கிறவன். டீச்சர்தான் பிள்ளை பக்கத்துல இருக்குறவங்க, அவங்க உழையர். உழையிருந்தான்னு அமைச்சனைக்கூட அதே நூல்ல சொல்றார்.

ஜெ.ஆ., கோவை:

ஐயா மன்னிக்கணும், உழையர்னா இப்ப உழைக்கிறவர்னுதான் படிப்பாங்க. 'நர்சிங் உரிமம் பெறாத, பயிற்சி பெற்ற பள்ளிப் பணியாளர்'. நீளமா இருந்தாலும் பயிற்சிங்கிற சொல் கண்டிப்பா வேணும், பெத்தவங்க அதைத்தான் தேடுவாங்க.

ஸ்கோப்புக்கு 'பணி வரம்பு'. யாருக்கும் மறுப்பு இல்லைன்னு நினைக்குறேன். வரம்புங்கிறது பொருத்தம், அமெரிக்காவுல ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியா சட்டம் போட்டு வச்சிருக்கு, வயலுக்கு வயல் வரப்பு மாதிரி. கலிஃபோர்னியாவுல பள்ளி ஊழியர் இன்சுலின் போடலாமான்னு நர்ஸ் சங்கமே வழக்குப் போட்டது, 2013ல அந்த மாநில உச்ச நீதிமன்றம் டாக்டர் உத்தரவும் பெற்றோர் சம்மதமும் இருந்தா பயிற்சி பெற்றவர் போடலாம்னு சொல்லிருச்சு. அந்தத் தீர்ப்பு அங்க மட்டும்தான், அதனால ஃபாரத்துல எந்த மாநிலத்துச் சட்டம்னு கண்டிப்பா எழுதுங்க.

சி.ந., ரொறன்ரோ:

பணி வரம்பு நல்லம். எங்கட ஊரில வயலுக்கே வரம்பு எண்டுதான் சொல்லுறது.

செ.ம., எடிசன்:

அனுப்பிட்டேன். தனியா எழுதினவங்களையும் சேத்து எண்ணிப் பாத்தா ஒப்படைப்புக்கு அஞ்சு பேர், செய்விப்புக்கு மூணு பேர், கையளிப்புக்கு ஒருத்தர். தலைப்புல 'பணி ஒப்படைப்பு', அடியில 'பள்ளி நர்ஸ் தன் பொறுப்பிலேயே, தான் பயிற்சி அளித்த ஒருவரைக் கொண்டு செய்விப்பது. நர்ஸின் பொறுப்பு மாறாது'ன்னு போட்டிருக்கேன். வினைச்சொல்லா வந்தா அந்த அம்மாவுக்குப் பயம் வரலை. நர்ஸ்னே விட்டுட்டேன், இ.க. ஐயா கோவிக்காதீங்க. அந்த அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க, அந்த டீச்சர் லீவு போட்டா அவரே வேற யாரையாவது போடச் சொல்லலாமான்னு. கூடாதுதானே?

ஜெ.ஆ., கோவை:

கூடவே கூடாதுங்க. வாங்கிக்கிட்டவர் இன்னொருத்தருக்கு மாத்தி விட முடியாது. நர்ஸே இன்னொருத்தருக்குத் தனியா பயிற்சி குடுத்து வச்சிருக்கணும், அவங்க பேரையும் கேட்டு வாங்கிக்கச் சொல்லுங்க.

பா.தி., சென்னை:

ஃபாரம் போயாச்சு, தெரியும். ஆனா இதைப் பதிவு பண்ணியே ஆகணும். வி, பி தனிச்சு வந்தா ஓர் ஏவல், சேர்ந்து வந்தா ஈரேவல்னு நன்னூல் பிரிக்குது. செய்வின்னா ஒருத்தரைச் செய்ய வைக்கிறது, செய்விப்பின்னா அவர் மூலமா இன்னொருத்தரைச் செய்ய வைக்கிறது. 'செய்விக்கலாம், செய்விப்பிக்கக் கூடாது'. அந்த அம்மா கேட்ட கேள்விக்கு முழு விதியும் ரெண்டே சொல்லுல வந்துருது. ஒப்படைப்பை வச்சு இதைச் சொல்லிக் காட்டுங்க. என் ஓட்டு செய்விப்புக்குத்தான்.