இணைய ரிசீவரில் கேட்டது கொழும்புக் கணக்கில் சேருமா?

வெள்ளவத்தை மத்தியஅலை:
இரவில் ஏ.எம் (மத்திய அலை) அலைவரிசையில் தூர நிலையங்களைத் தேடுகிற நம்மில் சிலர், எங்கிருந்தும் யாரும் கேட்கும்படி இணையத்தில் திறந்துவிட்டிருக்கும் ரிசீவர்களில் கேட்டதையும் "கொழும்பில் பிடித்தது" என்று பதிவேட்டில் எழுதுகிறார்கள். ஒருவர் போட்ட ஐரோப்பிய நிலையத்தை விசாரித்தால், கேட்டது நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகத்து ரிசீவரில். எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

பகலில் வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றம் பெற்று இருக்கும் டி அடுக்கு மத்திய அலையை விழுங்கிவிடும். பொழுது பட்டதும் அந்த அடுக்கு கரையும், அலை இன்னும் உயரே போய்த் திரும்பி நம்மிடம் வரும். எது வரும், எப்போது வரும் என்பதை நாம் இருக்கிற இடம்தான் தீர்மானிக்கும். ஆசியாவில் நிலையங்களுக்கு இடையே 9 கிலோஹேர்ட்ஸ் இடைவெளி. ஒரே எண்ணில் பல நாட்டு நிலையங்கள் மோதும். ரேடியோவை மெல்லத் திருப்பி, உள்ளே அன்டெனாவாக இருக்கும் பெரைட் தண்டின் முனையை ஒரு நிலையத்தின் பக்கம் நீட்டினால் அது அமுங்கும், அடியில் கிடந்த மற்றது எழும். இந்த வேலையை எல்லாம் வேறொரு நாட்டு அன்டெனாவிடம் கொடுத்துவிட்டு "நான் பிடித்தேன்" என்பது சரியா?

கொட்டாஞ்சேனை இரவு:
அண்ணா, நான் இருப்பது ஐந்தாம் மாடி. சுவர் முழுக்கக் கம்பியும் கொங்கிரீட்டும். மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு. லிப்ட் மோட்டர், வீட்டுக்கு வீடு எல்.ஈ.டி பல்ப், மலிவு சார்ஜர் எல்லாம் சேர்ந்து 531 முதல் 1602 கிலோஹேர்ட்ஸ் வரை, அதாவது மத்திய அலை முழுக்க, ஒரே இரைச்சல். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு வந்தபோதுதான் பேட்டரி ரேடியோவில் எனக்கு அலைவரிசை திறந்தது. தமிழ், மலையாளம், தெலுங்கு, ஹிந்தி என்று அடுக்கடுக்காக நிலையங்கள். கரண்ட் வந்ததும் எல்லாம் மூடிப்போச்சு. நாடே அவதிப்பட்ட ஒரு நிலைமை திரும்பி வரட்டும் என்றா காத்திருப்பது?

இணைய ரிசீவர் இல்லாவிட்டால் எனக்கு இந்தப் பொழுதுபோக்கே இல்லை. மொழியை அடையாளம் காண்பது, மணிக்கு மணி வரும் நிலைய அறிவிப்புக்குக் காத்திருப்பது, அலை மங்கி எழும்போது ஒரு சொல்லைப் பிடித்துவிடுவது, இதெல்லாம் என் காது செய்கிற வேலை. அன்டெனா யாருடையது என்பது இரண்டாவது.

புறக்கோட்டை:
ஆப்பில் நிலையத்தின் பெயரைத் தட்டினால் தெளிவாகக் கேட்குமே. இரைச்சலுக்குள் ஏன் தேட வேண்டும்?

வெள்ளவத்தை மத்தியஅலை:
ஆப்பில் நிகழ்ச்சி கிடைக்கும். அந்த அலை கடல் கடந்து இங்கே வந்ததா என்று தெரியாது. நமக்கு வேண்டியது அதுதான். ஒரு காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் இலங்கை வானொலியைக் கேட்டவர்களும், வேறொரு நாட்டு நிலையம் இந்தப் பெட்டியில் எடுக்கிறது என்ற அதே சந்தோஷத்தோடுதான் கேட்டார்கள்.

தெஹிவளை லூப்:
இரைச்சலைப் பற்றிச் சொல்கிறேன், நீங்கள் இரண்டு பேரும் அதை விட்டுவிட்டு வாதாடுகிறீர்கள். தங்கச்சி, முதலில் உங்கள் வீட்டு மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு பேட்டரி ரேடியோவைப் போடுங்கள். இரைச்சல் குறைந்தால் குற்றவாளி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது, ஒவ்வொன்றாகப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். குறையாவிட்டால் பக்கத்து வீடு. அதற்கு, சட்டத்தில் வயர் சுற்றிச் செய்து திசைக்குத் திருப்புகிற லூப் அன்டெனா இருக்கிறது. அல்லது கடற்கரைக்குப் போங்கள். தரையை ஒட்டிப் பரவும் அலையை உப்பு நீர் நிலத்தை விட நன்றாகக் கடத்தும். தூத்துக்குடி இங்கிருந்து சுமார் 280 கிலோமீற்றர், பாதையில் பெரும்பகுதி கடல். அதன் 1053 கிலோஹேர்ட்ஸ், 200 கிலோவாட் நிலையத்தைக் கரையோரத்தில் பகலிலேயே கேட்டிருக்கிறேன்.

கொட்டாஞ்சேனை இரவு:
கடற்கரை யோசனையை ஆண்கள் சுலபமாகச் சொல்லலாம். இரவு பதினொரு மணிக்குக் கம்பியும் பெட்டியுமாக ஒரு தமிழ்ப் பெண் காலி முகத்திடலில் தனியே இருந்தால் என்ன கேள்வியெல்லாம் வரும்? அந்தப் பயம் எங்கள் வீடுகளை விட்டு இன்னும் போகவில்லை. அம்மா விடவும் மாட்டா. "சொந்த ரிசீவர், சொந்த இடம்" என்று சட்டம் போட்டால் வீட்டு வசதியும் மொட்டை மாடியும் உள்ளவர்கள் மட்டும்தான் இதில் மிஞ்சுவார்கள்.

வெள்ளவத்தை மத்தியஅலை:
நீங்கள் சொல்வது நியாயமான கஷ்டம். யாரையும் வெளியே தள்ள நான் எழுதவில்லை. ஆனால் எப்படிக் கேட்டது என்று நிலையத்துக்கு அனுப்பும் அறிக்கையைப் பாருங்கள். சின்போ என்று ஐந்து எண் எழுதுகிறோம்: சமிக்ஞை பலம், மற்ற நிலையங்களின் இடையூறு, இரைச்சல், அலை மங்கி எழும் குறை, மொத்தத் தரம். ஐந்தும் அன்டெனா நிற்கிற இடத்தைப் பற்றியவை. நெதர்லாந்தில் நிற்கும் அன்டெனாவின் எண்ணைக் கொழும்பு என்று எழுதி, கேட்டதை உறுதிசெய்து நிலையம் அனுப்பும் கியூஎஸ்எல் அட்டை வாங்கினால், தன் அலை எங்கே எட்டுகிறது என்று பார்க்கிற பொறியியலாளருக்கு நாம் பொய் சொல்கிறோம். கேட்கிறவர்கள் குறைந்து, நிலையங்களும் ஒவ்வொன்றாக மூடப்படுகிற நேரத்தில் நம் அறிக்கைக்கு இருக்கிற மதிப்பே அதன் உண்மைதான்.

கொட்டாஞ்சேனை இரவு:
அறிக்கை விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். ரிசீவர் நிற்கும் ஊரை எழுதாமல் அனுப்புவது பொய், அப்படி நான் அனுப்பியதும் இல்லை. ஆனால் என் பதிவேட்டில் "கேட்டேன்" என்ற சொல்லை அழிக்க மாட்டேன். ஊர் பெயரோடு எழுதுவேன்.

வெள்ளவத்தை மத்தியஅலை:
எழுதுங்கள். கொழும்புப் பட்டியலில் மட்டும் அதைச் சேர்க்க ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கொட்டாஞ்சேனை இரவு:
சேர்க்க வேண்டாம். அந்தப் பட்டியலுக்கு நானே வருகிறேன். தெஹிவளை அண்ணா, பால்கனி ஒரு மீற்றர் அகலம்தான். லூப் அதற்குள் அடங்குமா?

தெஹிவளை லூப்:
தாராளமாக அடங்கும். பக்கத்துக்கு 60 சென்ரிமீற்றர் வரும்படி மரச்சட்டம் அடியுங்கள். உறை போட்ட வயரைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றி, இரண்டு முனையையும் பழைய ரேடியோவில் கழற்றிய டியூனிங் கொண்டென்சரில் (நிலையம் மாற்றத் திருப்பும் பாகம்) பூட்டுங்கள். ரேடியோவுக்கு வயர் கொடுக்கத் தேவையில்லை, உள்ளே இருக்கும் பெரைட் தண்டு லூப்பின் சுற்றுகளுக்குக் குறுக்கே நிற்கும்படி பக்கத்தில் வைத்தால் போதும். இரைச்சல் குறைகிற திசை வரும் வரை சட்டத்தையும் ரேடியோவையும் சேர்த்துத் திருப்புங்கள். கொண்டென்சரை முழுக்கத் திறந்தும் 1600 வரை போகாவிட்டால் ஒரு சுற்றைக் குறையுங்கள்.