குரோசரிக்கு பக்கத்துல கடை எடுக்கலாமா? டல்லாஸ் பக்கம் லீஸ் போட்டவங்க கொஞ்சம் சொல்லுங்களேன்

மாவுக்காரி

எல்லாருக்கும் வணக்கம். ஃபிரிஸ்கோவுக்கும் பிளேனோவுக்கும் நடுவுல ஒரு ஸ்ட்ரிப் மால்ல கடை பாத்து வெச்சிருக்கோம். ஆங்கர் (மாலுக்கு கூட்டத்தை இழுக்கிற முக்கியக் கடை) ஒரு பெரிய அமெரிக்கன் குரோசரி, பேரு வேணாம். அதுக்கு மூணு கடை தள்ளி, பல் டாக்டருக்கும் நெயில் சலூனுக்கும் நடுவுல 1400 ஸ்கொயர் ஃபீட், முன்னாடி யோகர்ட் கடை இருந்த இடமாம், சிங்க் எல்லாம் அப்படியே இருக்கு. இப்போதைக்கு ஷேர்டு கிச்சன் வாடகைக்கு எடுத்து மாவு அரைச்சு ரெண்டு மூணு இந்தியன் குரோசரிக்கும் அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்புக்கும் குடுத்துட்டு இருக்கேன், ஆர்டர் ஓரளவு நிலையா வருது, அதனால கடையாவே போட்டுடலாம்னு ஒரு ஆசை. இட்லி தோசை மாவு, அடை மாவு, பொடி, தொக்கு எல்லாம் பாக்கெட்டா ஃப்ரிட்ஜ்ல, முன்னாடி சின்ன கவுண்டர் வெச்சு காலைல இட்லி வடை பொங்கல் டு-கோ மட்டும். உக்காந்து சாப்பிட இடம் கிடையாது.

ப்ரோக்கர் சொன்ன கணக்கு: 34 டாலர், ப்ளஸ் ட்ரிபிள் நெட் (வாடகைக்கு மேல நாம கட்டுற டாக்ஸ், இன்ஷூரன்ஸ், பராமரிப்பு) 12, வருஷத்துக்கு 3 பர்சன்ட் ஏறும், 7 வருஷ லீஸ், ரெண்டு மாசம் ஃப்ரீ ரென்ட், இடம் இருக்கிறபடியே தான், அவங்க ஒரு ஆணி கூட அடிச்சு தர மாட்டாங்க. பர்சனல் கேரண்டி, அதாவது கடை கட்டலன்னா நாங்க சொந்தக் காசுல கட்டணும், 7 வருஷத்துக்கும். ஊர்ல மாச வாடகை, பத்து மாச அட்வான்ஸ்னு பேசிப் பழகின எங்களுக்கு இந்த 34 மாசத்துக்கா வருஷத்துக்கான்னே மொதல்ல புரியல 😅 குரோசரி இருக்கிறதால கூட்டத்துக்கு கவலையே வேணாம், இந்த மாதிரி இடம் கிடைக்கிறதே அபூர்வம், இந்த வாரமே எல்-ஓ-ஐ (லீஸுக்கு முன்னாடி குடுக்கிற விருப்பக் கடிதம்) போடுங்கன்னு ப்ரோக்கர் நெருக்குறார். நான் ஹெச்-4 இஏடி (டிபெண்டன்ட் விசா, வேலை பாக்க பெர்மிட்டோட), வீட்டுக்காரர் ஹெச்-1 (வேலை விசா). என்ன பாக்கணும், எதைக் கேக்கணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கணக்குப்புள்ள

சிஸ்டர், 34ங்கிறது ஒரு ஸ்கொயர் ஃபீட்டுக்கு வருஷ வாடகை. டெக்சாஸ்ல அப்படித்தான் பேசுவாங்க, கலிஃபோர்னியாவுல பல எடத்துல மாசக் கணக்கா சொல்வாங்க. உங்க இடத்துக்கு 47,600 பேஸ் (அடிப்படை வாடகை), ட்ரிபிள் நெட் 16,800, ஆக வருஷத்துக்கு 64,400, மாசம் 5,366 டாலர். இது கரண்ட், கேஸ், ஆள் சம்பளம் எல்லாம் சேக்காம. சாப்பாட்டுக் கடைல வாடகை மொத்தமும் சேந்து விற்பனைல 10 பர்சன்டுக்குள்ள நிக்கணும்னு சொல்வாங்க, அப்படின்னா வருஷம் 6,44,000க்கு விக்கணும். ஒரு ஆளுக்கு 9 டாலர் பில்லுன்னு வெச்சா தினமும் கிட்டத்தட்ட 200 பேர், லீவே இல்லாம. மாவு பாக்கெட் சப்ளை தனியா ஓடுறதால உங்களுக்கு கொஞ்சம் தாங்கும், ஆனா கவுண்டரை மட்டும் நம்பினா கஷ்டம். 3 பர்சன்ட் சின்னதா தெரியும், 7வது வருஷம் பேஸ் 40 டாலர் 60 சென்ட் ஆயிடும்.

அந்த 12 டாலர் இருக்கே, அது நிலையான தொகை இல்ல, எஸ்டிமேட். ப்ராப்பர்ட்டி டாக்ஸ், இன்ஷூரன்ஸ், கேம் (பார்க்கிங், லைட் மாதிரி பொது இடப் பராமரிப்பு) மூணும் சேந்தது. இங்க ஸ்டேட் இன்கம் டாக்ஸ் கிடையாது இல்ல, அதுக்கும் சேத்து ப்ராப்பர்ட்டி டாக்ஸ்ல தீட்டிடுவாங்க, அது அப்படியே உங்க தலைல தான். இன்ஷூரன்ஸ் வேற, ஆலங்கட்டி மழை பேஞ்சு கூரை போற ஊரு இது. வருஷக் கடைசில கணக்கு பாத்து பாக்கின்னு ஒரு பில் வரும். அதனால கடந்த மூணு வருஷ ரீகன்சிலியேஷன் ஷீட் குடுங்கன்னு கேளுங்க, குடுக்க தயங்கினாலே பதில் தெரிஞ்சு போச்சு.

இன்னொண்ணு, இதை யாரும் சொல்ல மாட்டாங்க. உங்க பங்கு எப்படி போடுறாங்கன்னு பாருங்க. ஆங்கர் குரோசரி நிறைய எடத்துல கேம்ல தன் முழுப் பங்கை குடுக்காது, சில சமயம் அந்த பில்டிங்கே அவங்க சொந்தம், டாக்ஸை தனியா கட்டிக்குவாங்க. அப்ப மொத்த ஸ்கொயர் ஃபீட்ல இருந்து ஆங்கரை கழிச்சுட்டு மிச்ச கடைங்க தலைல பிரிப்பாங்க. பார்க்கிங் லாட்ல முக்கால்வாசி ஓடுறது அவங்க வண்டியும் ட்ராலியும், லைட்டுக்கும் பெருக்குறதுக்கும் காசு நீங்களும் பல் டாக்டரும் குடுப்பீங்க. முழுசா மாத்த முடியாது, ஆனா டாக்ஸ், இன்ஷூரன்ஸ் தவிர மத்த கேம் செலவு வருஷத்துக்கு 5 பர்சன்டுக்கு மேல ஏறக்கூடாதுன்னு ஒரு கேப் கேட்டா பல பேர் ஒத்துக்குவாங்க. ஃப்ரீ ரென்ட்டும் பேஸுக்கு மட்டும்தான் இருக்கும், அந்த ரெண்டு மாசமும் ட்ரிபிள் நெட் கட்டணும், கேட்டுக்கோங்க.

டெக்சாஸ்மாமா

கணக்கு எல்லாம் சரிம்மா, ஆனா குரோசரி கூட்டம் உன் கடைக்கு வரும்னு யார் சொன்னா? ப்ரோக்கர் தானே, அவருக்கு கமிஷன் லேண்ட்லார்ட் குடுக்கிறது. குரோசரிக்கு வர்றவன் வாசலுக்கு நேரா வண்டியை போடுவான், ட்ராலி தள்ளுவான், டிக்கில ஐஸ்க்ரீம் உருகுதுன்னு நேரா வீட்டுக்கு போவான். மூணு கடை தள்ளி இட்லி இருக்குன்னு அவன் கண்ணுல படணும்னா போர்டு தெரியணும், ரோட்டோரம் இருக்கிற பெரிய பைலான் போர்டுல உனக்கு ஒரு பலகை உண்டா? அதை லீஸ்ல எழுதி வாங்கு, வாயால சொன்னா நம்பாத.

இந்த மாதிரி நெய்பர்ஹுட் சென்டர்னா சுத்து 3 மைல் ஜனம் தான் கணக்கு. அந்த மூணு மைல்ல நம்ம ஆளுங்க எத்தனை வீடுன்னு உனக்கே வாட்ஸப் குரூப் வெச்சு தெரியும். செவ்வாக்கிழமை காலைல ஏழரை மணிக்கு போய் அந்த பார்க்கிங் லாட்ல ஒரு காபியோட உக்காரு, சனிக்கிழமை போய் பாத்துட்டு ஏமாந்துடாத. பொங்கல் வடை வாங்குறவன் ஆபீஸ் போற வழில வாங்குவான், கடை அவன் போற பக்கம் இருக்கா, எதிர் பக்கமா, நடுவுல மீடியன் இருந்து யூ-டர்ன் போடணுமா, அதைப் பாரு. யூ-டர்ன் போட்டு யாரும் வடை வாங்க மாட்டான்.

அப்புறம் அந்த குரோசரியே எவ்வளவு நாள் இருக்கும்? 2022 செப்டம்பர்ல ஃபிரிஸ்கோவுல எச்-இ-பிங்கிற பெரிய குரோசரிக்காரன் திறந்தான், நவம்பர்ல பிளேனோ. அதுக்கப்புறம் இந்த ஏரியாவுல பழைய குரோசரிங்க பாடு உனக்கு தெரியாததா. அந்த ஆங்கரோட லீஸ் எந்த வருஷம் முடியுதுன்னு கேட்டியா? நான் உன் இடத்துல இருந்தா இந்தியன் குரோசரி இருக்கிற சென்டர்ல தான் தேடுவேன், 1200 ஸ்கொயர் ஃபீட் கிடைச்சாலும் போதும்.

மாவுக்காரி

மாமா, இந்தியன் குரோசரி சென்டர் ரெண்டு பாத்தேன், ஒண்ணுல இடமே இல்ல, இன்னொண்ணுல குரோசரிக்காரரே உள்ள டிபன் கவுண்டர் வெச்சிருக்கார், என் மாவையும் வாங்கி விக்கிறார், பக்கத்துலயே நான் கடை போட்டா நாளைக்கே ஆர்டரை நிறுத்திடுவார். இந்த அமெரிக்கன் கடைல சாயங்காலம் பாதிக்குப் பாதி நம்ம ஆளுங்க தான், ஸ்கூல் விட்டு பசங்களை கூட்டிட்டு வர்றாங்க. செவ்வாக்கிழமை காலைல போய் பாக்குறேன். ஆங்கர் லீஸ் எப்ப முடியுதுன்னு கேக்கணும்னே எனக்கு தோணல.

எடிசன்காரன்

நான் நியூஜெர்சில ஒரு ரியல் எஸ்டேட் வக்கீல் ஆபீஸ்ல வேலை பாக்குறேன், வக்கீல் இல்ல, அதனால இதை சட்ட ஆலோசனையா எடுத்துக்காதீங்க. மேல யாரும் தொடாத ஒரு விஷயம் இருக்கு, உங்களுக்கு அது தான் முக்கியம். ஆங்கர் குரோசரி தன்னோட லீஸ்ல ஒரு எக்ஸ்க்ளூசிவ் எழுதி வாங்கியிருப்பான், இந்த சென்டர்ல வேற யாரும் மளிகை சாமான் விக்கக் கூடாதுன்னு. வழக்கமா வீட்டுக்கு எடுத்துட்டு போய் சமைக்கிற ஐட்டம் எல்லாத்துக்கும் அது பொருந்தும், மத்த கடைங்களுக்கு ஏதோ கொஞ்சம் இடம் விடுவாங்க, 500 ஸ்கொயர் ஃபீட் இல்லன்னா கடைல 10 பர்சன்ட், ரெண்டுல எது கம்மியோ அது. இப்ப நீங்க யோசிங்க. இட்லி பொட்டலம் ரெஸ்டாரன்ட் கணக்குல போயிடும். மாவு பாக்கெட், பொடி, தொக்கு எதுல வரும்? ஃப்ரிட்ஜுல வெச்சு விக்கிற பாக்கெட் உணவு, மளிகை தானே. உங்க 1400ல 10 பர்சன்டுன்னா 140 ஸ்கொயர் ஃபீட், ரெண்டு மூணு கிளாஸ் டோர் ஃப்ரிட்ஜும் அதுக்கு முன்னாடி நிக்கிற இடமும் சேத்தாலே முடிஞ்சது.

இதெல்லாம் யார் கேக்கப் போறான்னு நெனைக்காதீங்க. ஃப்ளாரிடா பக்கம் வின்-டிக்சிங்கிற குரோசரி இதே காரணத்துக்காக அதே சென்டர்கள்ல இருந்த டாலர் ஜெனரல், பிக் லாட்ஸ், டாலர் ட்ரீ மேல எல்லாம் கேஸ் போட்டுச்சு, 2014ல அப்பீல் கோர்ட் வரைக்கும் போச்சு, அங்க சண்டையே க்ரோசரிஸ்னா எது எதுன்னும், அலமாரியை மட்டும் அளக்கணுமா முன்னாடி நடக்கிற இடத்தையும் சேக்கணுமான்னும் தான். அவ்வளவு பெரிய கடைங்களே மாட்டுச்சு. உங்க லீஸ்ல தடை செய்யப்பட்ட உபயோகம்னு கடைசில ஒரு எக்ஸிபிட் ஒட்டியிருப்பாங்க, பொடி எழுத்துல பத்து பக்கம், அதை தான் மொதல்ல படிக்கணும்.

அப்புறம் மாமா சொன்ன ஆங்கர் விஷயம். குரோசரி கடையை மூடினாலும் லீஸ் முடியற வரைக்கும் வாடகை கட்டிட்டு இடத்தை இருட்டா வெச்சிருக்கலாம், போட்டிக்காரன் உள்ள வரக்கூடாதுன்னே அப்படி செய்யறது உண்டு. லேண்ட்லார்டுக்கு வாடகை வந்துட்டே இருக்கும், அவருக்கு அவசரம் இல்ல, பார்க்கிங் லாட் மட்டும் காலியா கெடக்கும், உங்க 5,366 குறையாது. அதுக்கு தான் கோ-டெனன்சின்னு ஒரு ஷரத்து, ஆங்கர் இத்தனை மாசம் மூடியே இருந்தா என் பேஸ் ரென்ட் பாதி, ஒரு வருஷம் தாண்டினா நான் வெளிய போகலாம்னு. சின்ன கடைக்கு குடுக்க யோசிப்பாங்க, ஆனா குரோசரி பேரை சொல்லித்தானே 34 டாலர் கேக்குறாங்க, அப்ப குரோசரி இல்லன்னா 34 எதுக்குன்னு கேளுங்க.

கேரண்டி 7 வருஷமும்னா பேஸும் ட்ரிபிள் நெட்டும் சேந்து ஏறக்குறைய 4,80,000 டாலருக்கு நீங்க ரெண்டு பேரும் கையெழுத்து போடுறீங்க, எல்எல்சி (கடை கடன் சொந்த சொத்தைத் தொடாம இருக்க வெக்கிற கம்பெனி) இருந்தும் பிரயோஜனம் இல்ல. விசா நிலைமைல இது பெரிய ரிஸ்க், இஏடி ரின்யூவல் இழுத்தா நீங்க கடைல நிக்க முடியாது, ஹெச்-1ல இருக்கிற உங்க வீட்டுக்காரரும் கல்லாவுல உக்காரக் கூடாது, வாடகை மட்டும் ஓடும். மொதல் 2 வருஷத்துக்கு மட்டும் கேரண்டி, இல்லன்னா எந்த நேரத்துலயும் அடுத்த 12 மாச வாடகை வரைக்கும் தான் பொறுப்புன்னு கேளுங்க. 7 வருஷத்துக்கு பதிலா 3 வருஷம், அப்புறம் வேணும்னா நீட்டிக்க ரெண்டு ஆப்ஷன்னு கேக்கலாம். டெக்சாஸ்ல இன்னொரு விஷயம், கமர்ஷியல் வாடகை பாக்கி வெச்சா கோர்ட்டுக்கு போகாமலே லேண்ட்லார்ட் பூட்டை மாத்தலாம், புது சாவி எங்க கிடைக்கும்னு கதவுல ஒரு நோட்டீஸ் ஒட்டினா போதும், பாக்கி கட்டினா தான் சாவி. உள்ள உங்க மாவு புளிச்சுட்டு இருக்கும். எல்-ஓ-ஐ பெரும்பாலும் கட்டுப்படுத்தாதுன்னு சொல்வாங்க, ஆனா அதுல கேக்காததை அப்புறம் லீஸ்ல நுழைக்கிறது ரொம்ப கஷ்டம், அதனால வக்கீல்கிட்ட இப்பவே போங்க.

கரண்டிஆண்டி

யோகர்ட் கடை இருந்த இடம்னா ஹூட் (அடுப்பு மேல புகையை இழுக்கிற கூண்டு) இருக்காதே? வடை பொரிக்கணும்னா எண்ணெய்ப் புகைக்கான டைப் 1 ஹூட், மேல ஃபையர் சப்ரஷன், கூரைல ஓட்டை, அந்த ஓட்டையை லேண்ட்லார்டோட ரூஃபர் தான் போடணும்பாங்க இல்லன்னா கூரை வாரன்டி போச்சு. கிரீஸ் ட்ராப் (கழிவுத்தண்ணில எண்ணெயைப் பிடிக்கிற தொட்டி) எவ்வளவு கேலன்னு சிட்டில கேளுங்க, பெருசா கேட்டா தரையை உடைக்கணும். செலவு 50,000 டாலரை தொட்டா டிடிஎல்ஆர்ல (டெக்சாஸ் லைசென்சிங் டிபார்ட்மென்ட்) ரெஜிஸ்டர் பண்ணி மாற்றுத்திறனாளி வசதி ரிவ்யூவும் பண்ணணும். கோயம்புத்தூர்ல இருந்து கிரைண்டர் கொண்டு வர்ற ஐடியா இருந்தா ஹெல்த் இன்ஸ்பெக்டர்கிட்ட மொதல்ல படத்தை காட்டுங்க, என்எஸ்எஃப் (சமையல் சாதனத்துக்கான சுகாதாரத் தர) முத்திரை இல்லன்னா நிறைய பேர் விட மாட்டாங்க, அங்கத்திய மோட்டார் 50 ஹெர்ட்ஸ், இங்க 60. ஏசி யூனிட் எத்தனை வருஷம் பழசுன்னு பாருங்க, இருக்கிறபடியேன்னு கையெழுத்து போட்டா ஆகஸ்ட்ல அது செத்தா உங்க செலவு. ஃப்ரீ ரென்ட் கையெழுத்து போட்ட நாள்ல இருந்து ஓட விடாதீங்க, பெர்மிட் கைக்கு வந்த நாள்ல இருந்துன்னு போடுங்க, ரெண்டு மாசம் பெர்மிட் வாங்கவே போயிடும்.

மாவுக்காரி

எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ், ப்ரோக்கர்கிட்ட இதெல்லாம் கேட்டேன். ஆங்கர் லீஸ் இன்னும் 4 வருஷம் தானாம், அதுக்கப்புறம் ஆப்ஷன் இருக்காம். எக்ஸ்க்ளூசிவ் பத்தி கேட்டதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்ல, அப்புறம் திரும்ப கூப்பிட்டு டிபன் பிரச்சனை இல்ல, பாக்கெட் ஐட்டத்துக்கு மட்டும் குரோசரிகிட்ட கேக்கணும், அது ஃபார்மாலிட்டி தான், நீங்க சைன் பண்ணுங்க நாங்க வாங்கி தந்துடறோம்ங்கிறார். ஹூட் போட எஸ்டிமேட் கேட்டிருக்கேன், வரல. வடையை விட்டுட்டு இட்லி பொங்கல் மட்டும் போட்டா ஹூட் வேண்டாமாமே, உண்மையா?

எடிசன்காரன்

சைன் பண்ணிட்டு வாங்கித் தர்றது வேண்டவே வேண்டாம். குரோசரி கம்பெனியோட கையெழுத்தோட எழுத்துல வெய்வர் (அந்தத் தடையை விட்டுத்தர சம்மதம்), அதுல மாவு, பொடி, ஊறுகாய்னு ஐட்டம் பேரோட, அது வந்தப்புறம் தான் லீஸ். இல்லன்னா அந்த வெய்வர் இத்தனை நாள்ல வரலன்னா லீஸ் ரத்து, டெபாசிட் முழுசா திரும்பன்னு எல்-ஓ-ஐலயே போடுங்க. பெரிய குரோசரிங்க இதுக்கு பதில் சொல்ல மாசக்கணக்கா எடுத்துக்கும், ஒரு கையெழுத்துக்காக அவங்க லீகல் டிபார்ட்மென்ட் அவசரப்பட மாட்டாங்க, அதுவரைக்கும் ஷேர்டு கிச்சனை விட்டுடாதீங்க.

கரண்டிஆண்டி

ஆவில வேகவைக்கிறதுக்கு டைப் 2 போதும்னு பல சிட்டில சொல்வாங்க, அது செலவு ரொம்ப கம்மி, சில எடத்துல அதுவும் கேக்க மாட்டாங்க. ஆனா பொங்கலுக்கு நெய்ல மிளகு முந்திரி தாளிப்பீங்க இல்ல, அதை இன்ஸ்பெக்டர் எப்படி பாப்பார்னு தெரியாது, மெனுவை அப்படியே எழுதி எடுத்துட்டு சிட்டி ஆபீஸ்ல ப்ளான் ரிவ்யூ ஆளை நேர்லயே பாருங்க. வடையை ஷேர்டு கிச்சன்லயே போட்டு சூடா கொண்டு வந்து விக்கலாம், மொறுமொறுப்பு போயிடும், சாம்பார் வடையா மாத்திடுங்க 😄

டெக்சாஸ்மாமா

சாம்பார் வடைன்னா நான் யூ-டர்ன் போடுவேன்.