இடியம் எல்லாம் மனப்பாடம், ஆனாலும் மீட்டிங்கில் கோட்டை விடுகிறேன்

கேள்வி:
நண்பர்களே, இருநூறு ஆங்கில இடியம்களுக்கு (மரபுத்தொடர்களுக்கு) மேல் நோட்டில் எழுதிப் படித்துவிட்டேன். போன வாரம் ஒரு வீடியோ மீட்டிங்கில் அமெரிக்க மேலாளர் என் திட்டத்தைப் பற்றி 'லெட்ஸ் டேபிள் இட்' என்றார், நான் படித்தது 'விவாதத்துக்கு எடுப்போம்' என்று, அதனால் உடனே விளக்க ஆரம்பித்துவிட்டேன், எல்லோரும் கப்சிப். எங்கே தப்பு? இவற்றை எப்படித்தான் படிப்பது?

பதில் 1:
நீங்கள் படித்ததில் தப்பில்லை, அது பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்காவில் நேர் எதிர்: 'இப்போதைக்குத் தள்ளி வைப்போம்'. இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு அதிகாரிகளே இந்த ஒரு சொல்லால் நெடுநேரம் முட்டிக்கொண்டதாகச் சர்ச்சில் எழுதியிருக்கிறார், கடைசியில் பார்த்தால் இரு தரப்பும் கேட்டது ஒன்றையேதான். யார் சொல்கிறார் என்பதையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

பதில் 2:
எனக்குக் கைகொடுத்தது தமிழ் ஜோடிதான். 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்றால் அத்தி பூத்தாற்போல. நியூகாசில் நிலக்கரிக்குப் பேர்போன ஊர், அங்கேயே நிலக்கரி கொண்டுபோவது என்றால் நம் கொல்லன் தெருவில் ஊசி விற்பது. 'ஸ்பில் த பீன்ஸ்' ரகசியத்தைப் போட்டு உடைப்பது. ஒரே கல்லில் அவர்களுக்கு இரண்டு பறவை, நமக்கு இரண்டு மாங்காய். ஜோடி அமைந்துவிட்டால் பொருளோடு தொனியும் சேர்ந்து மனதில் நிற்கும், அதுதான் முக்கியம். 'கிக் த பக்கெட்' என்பதற்கு 'இறந்துபோதல்' என்று மட்டும் எழுதி வைத்திருந்தால் இப்போதே திருத்துங்கள். அது 'மண்டையைப் போட்டார்' மாதிரி, துக்கம் விசாரிக்கும் இடத்தில் வாயிலிருந்து வந்துவிடவே கூடாது.

பதில் 3:
இன்னொன்று, இடியத்தை இஷ்டத்துக்குத் திருப்பிப் போட முடியாது. 'த பக்கெட் வாஸ் கிக்ட்' என்றால் யாரோ வாளியை உதைத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் 'த பீன்ஸ் வேர் ஸ்பில்ட்' என்றால் ரகசியம் வெளியானது என்றே புரியும். எது வளையும், எது வளையாது என்பதை முழு வாக்கியமாகப் படித்தால்தான் பிடிபடும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி, இன்றே நோட்டைத் திருத்துகிறேன். அப்புறம் ஒரு சந்தேகம், லீவு மெயிலில் 'அண்டர் த வெதர்' என்று எழுதலாமா?

பதில் 2:
தாராளமாக. சளி, லேசான காய்ச்சல் என்றால் சரி. ஆபரேஷன் என்றால் வேண்டாம், நேராகச் சொல்லிவிடுங்கள்.