மூன்றாம் அட்வெந்து ஞாயிறு: டார்ம் தம்பிகளோடு ஒரே பந்தி

அன்பான அண்ணாச்சிமார், அக்காமார், தம்பி தங்கச்சிமார் எல்லாருக்கும் சிங்கப்பூரிலிருந்து ஸ்தோத்திரம்.

ஹாலுக்கு முன்பணம் கட்டி, சாப்பாட்டுக்கும் சொல்லிவிட்ட பிறகு எதையும் மாற்ற முடியாது. அதனால் அட்வெந்து, அதாவது கிறிஸ்துமசுக்கு முந்தின நாலு வார ஆயத்த காலம், தொடங்கும் முன்பே எழுதுகிறேன். நம் ஊர்ச் சங்கத்துக் கிறிஸ்துமஸ் கூடுகையை இந்த வருஷமும் சனிக்கிழமை சாயங்காலம், யாராவது ஒருவருடைய காண்டோ (அடுக்குமாடிக் குடியிருப்பு) ஹாலில், குடும்பம் குடும்பமாக வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு நடக்கிறது. அதை மூன்றாம் அட்வெந்து ஞாயிறு மத்தியானத்துக்கு மாற்ற வேண்டும், இடமும் லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

நம் ஊர்ப் பையன்களும் பக்கத்து ஊர்ப் பையன்களும் இங்கே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். துவாஸ், பெஞ்சூரு, சுங்கை காடுட், மண்டாய் என்று தீவின் ஓரங்களில் இருக்கிற டார்ம்களில், அதாவது தொழிலாளர் விடுதிகளில், தங்கி, கப்பல் பட்டறையிலும் கட்டட வேலையிலும் பாடுபடுகிறார்கள். வொர்க் பெர்மிட்டில் வந்தவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளை இங்கே கூட்டிவந்து வைத்துக்கொள்ள முடியாது. சனிக்கிழமை அநேகருக்கு முழு வேலை, அதோடு ஓடி என்கிற ஓவர்டைம் வேலையும் சேர்ந்துவிடும். நாம் ஏழு மணிக்குக் கூடி ஆரம்பப் பாட்டைப் பாடுகிற நேரத்தில் அவர்கள் லாரியில் திரும்பிக்கொண்டிருப்பார்கள். அவர்களை வர வேண்டாம் என்று நம்மில் யாரும் சொன்னதில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் நாம் குறிக்கிற நாளும் நேரமும் அவர்களை வெளியே நிறுத்திவிடுகிறது.

போன கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் ஒரு தம்பி போனில் பேசினான். பொது விடுமுறைதான். ஆனால் அவன் சைட்டில் அவசர வேலை, இரட்டைச் சம்பளம் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். வீட்டுக்கடன் இருக்கிறது, போய்விட்டான். நம் ஊரில் விடியற்காலம் நாலரைக்கு ஆராதனை தொடங்கினால் இங்கே காலை ஏழு மணி. லாரி டார்ம் வாசலை விட்டுக் கிளம்புகிற நேரமும் அதுதான். கோயிலிலிருந்து நேரலை போட்டிருக்கிறார்கள். லாரியின் பின்பக்கம் உட்கார்ந்து போனைக் கையில் பிடித்தபடி பார்த்திருக்கிறான். ஒரு காதுக்குழாய் இவனுக்கு, இன்னொன்று சாயர்புரத்துப் பையனுக்கு. போதகர் ஐயர் ஜெபத்துக்கு எழும்பியதும் இவனுக்குக் கைகூப்ப வேண்டும். மறு கையிலோ மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலம், விடியுமுன்னே கேட்டரிங்காரர் கொண்டுவந்து வைத்தது. பக்கத்தில் இருந்த புதுக்கோட்டைப் பையன் ஒன்றும் கேட்காமல் அந்தப் பொட்டலத்தை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, போனையும் இவர்கள் இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டானாம். அந்தப் பையன் கிறிஸ்தவன் இல்லை. "ஆமென் சொல்ற வரைக்கும் அவன் கையை இறக்கலக்கா" என்று தம்பி சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

அன்றிலிருந்து லூக்கா இரண்டாம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் ஓர் இடத்தில் நின்றுவிடுகிறேன். யோசேப்பு குடிமதிப்பு எழுதப் போனது அந்நிய ஊருக்கு இல்லை. பெத்லகேம் தாவீதின் ஊர், அவனுடைய பிதாக்களின் ஊர். வயிற்றுப் பிள்ளைக்காரியை நாசரேத்திலிருந்து அத்தனை தூரம் கூட்டிக்கொண்டு தன் சொந்த ஊருக்கே போயிருக்கிறான். அங்கேதான் சத்திரத்தில் இடமில்லை. ஊரின் பெயரால் கூடுகிற நமக்கு வேதத்தில் இதைவிடப் பயப்பட வேண்டிய வசனம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த ராத்திரி முதல் செய்தி போனதும் ராத்திரி வேலையில் இருந்தவர்களுக்குத்தான். மேய்ப்பர்கள் மந்தையைக் காத்துக்கொண்டு வயல்வெளியில் இருந்தார்கள், தூதன் அங்கேயே தேடிப் போனான்.

சிட்டி ஹால் எம்ஆர்டி நிலையத்துக்கு வெளியே வெள்ளை வெளேரென்று நிற்கிற செயின்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரலை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 1856-ல் அஸ்திபாரம் போட்டு, 1862-ல் பிரதிஷ்டை செய்தது. அதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்திக் கொண்டுவரப்பட்ட கைதிகள். உட்சுவருக்கு மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு: சிப்பிச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறின தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசியது. அந்தச் சுவரை இழைத்து மெருகேற்றிய ஒருவருடைய பெயரும் நமக்குத் தெரியாது. பிள்ளைகளைக் கேரல் சர்வீசுக்குக் கூட்டிப் போகும்போது இதைச் சொல்லுங்கள். வேலைக்கு வந்தவர்களின் கை படாத ஆலயம் இந்த ஊரில் இருக்குமா என்று அவர்களே யோசிக்கட்டும்.

நம் திருநெல்வேலிச் சீமைக் கதையும் இதற்குத் தூரம் இல்லை. விசுவாசத்துக்காக வீடு இடிக்கப்பட்டு விரட்டப்பட்டவர்களுக்குக் குடியிருக்க ஓர் இடம் வேண்டும் என்று 1799-ல் சுந்தரானந்தம் தாவீது என்ற உபதேசியார் ஏற்படுத்தியதுதான் முதலூர். அப்படி அடைக்கலமாகத் தொடங்கிய சபை மண்ணிலிருந்து வந்தவர்கள் நாம்.

சபையார் எல்லாரும் கூடிச் சமைத்துச் சாப்பிடுகிற நம் அசனப் பண்டிகையை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு வீடு படிக்கணக்கில் அரிசி வாங்குவார்கள். கொடுக்க முடிந்தவர் கூடக் கொடுப்பார், முடியாதவர் ஒரு கை கொடுப்பார். அண்டாவில் விழுந்த பிறகு யார் வீட்டு அரிசி எது என்று யாருக்குத் தெரியும்? ஓலைப்பெட்டியில் சோறு வந்து இறங்க, டீச்சரும் பனையேறியும் தரையில் ஒரே வரிசையில் உட்கார்ந்து கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார்கள். அந்தப் பந்தியைத்தான் இங்கே வைக்க வேண்டும் என்கிறேன்.

பரிசுப் பொட்டலம் கட்டி, டார்ம் வாசலில் வைத்துக் கொடுத்து, போட்டோ எடுத்துவிட்டு வருவது எனக்குச் சம்மதம் இல்லை. நல்ல மனதோடு செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் நம் ஊர்ப் பையனுக்கு நாம் கொடுக்கிறவர்களாகவும் அவன் வாங்குகிறவனாகவும் நிற்பது சரியில்லை. அவன் சமைக்கட்டும், பாடட்டும், வேதபாடம் வாசிக்கட்டும். டார்மில் கேரல் பாடப் போகிறதும் நல்லதுதான், நிர்வாகத்திடம் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். அதை இளைஞர்கள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

தேக்கா பக்கம் ஏன் என்றால், ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எப்படியும் அங்கேதான் வருகிறார்கள். பணம் அனுப்ப, காய்கறி வாங்க, முகம் பார்த்து நாலு வார்த்தை பேச. டார்செட் ரோடு கிறைஸ்ட் சர்ச், ஷார்ட் ஸ்ட்ரீட் தமிழ் மெதடிஸ்ட் சபை, தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888-ல் கட்டி முடித்த ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயம் என்று எல்லாமே சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கின்றன. எந்தச் சபைக்குப் போகிறவரும் ஆராதனை முடித்துவிட்டு வந்து சேரலாம். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வருவது சிரமம் என்று இரண்டு தங்கச்சிகள் சொன்னார்கள். நியாயம்தான். ஆனால் அந்தப் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்ச ஆசைப்படுகிற அப்பாமார் அங்கே எத்தனை பேர் இருப்பார்கள் என்று பாருங்கள். சொந்தப் பிள்ளையைப் போனில் மட்டுமே பார்க்கிறவர்கள்.

வேலையைப் பிரித்துக்கொள்வோம். முந்திரிக்கொத்து நான் செய்கிறேன். பயறு வறுத்துத் திரிக்க இரண்டு பேர் முந்தின வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தால் போதும். அச்சு முறுக்கு அச்சு வைத்திருக்கிறவர்கள் சொல்லுங்கள். அரிசியை மொத்தமாக ஒருவர் வாங்கித் தருவதாகச் சொன்ன அண்ணாச்சிக்கு நன்றி, ஆனால் வேண்டாம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கொஞ்சம் வரட்டும், தம்பிகளிடமும் வாங்குவோம். கறி சமைக்கப் பெஞ்சூருவில் இருக்கிற இரண்டு பேர் ஒத்துக்கொண்டுவிட்டார்கள், ஊரில் அசனத்துக்குச் சமைத்த கை. புதுக்கோட்டைத் தம்பியையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.

துபாய், மஸ்கட், தோஹாவில் இருக்கிற நம்மாட்கள் தொழிலாளர் கேம்ப்களுக்குப் போய் ஜெபக் கூட்டம் நடத்துவதாக முன்னே எழுதியிருந்தீர்கள். வார லீவு நாளுக்கு ஏற்ப அங்கே எப்படி ஒழுங்கு பண்ணுகிறீர்கள், வண்டிக்கு என்ன செய்கிறீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். இங்கே துவாஸிலிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறி வரவே ஒன்றரை மணி நேரம் ஆகிவிடுகிறது. வேன் வைத்திருக்கிறவர்கள் இந்த வாரத்துக்குள் பதில் போட்டால், எத்தனை பேரைக் கூட்டிவர முடியும் என்று கணக்குப் பார்த்து ஹால் எடுத்துவிடலாம்.

உங்கள் அக்கா,
சிராங்கூனிலிருந்து