நீஸ் – கோர்சிகா பாய்மரப் பயணம்: எப்போது கிளம்பலாம்?
நண்பர்கள் நால்வர் ஜூனில் பிரான்சின் நீஸ் துறைமுகத்திலிருந்து கோர்சிகா தீவின் கால்வி துறைமுகத்துக்கு வாடகைப் பாய்மரப் படகில் போகிறோம். 90 கடல் மைலுக்குச் சற்று மேல். 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் 18 மணி நேரத்தைத் தாண்டிவிடும். மாலையில் கிளம்பினால் பகல் வெளிச்சத்தில் கரை சேரலாம். ஆனால் இரவில் பெரிய பயணிகள் கப்பல்கள் குறுக்கிடும். விடியுமுன் கிளம்பினால் அறியாத துறைமுகத்துக்குள் இருட்டில் நுழைய வேண்டும். அதில் எனக்குத் துளியும் விருப்பமில்லை. மற்ற மூவரோ அதற்குத்தான் துடிக்கிறார்கள். போய்வந்தவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தீர்கள்?

வடமேற்கிலிருந்து பலமாக வீசும் மிஸ்ட்ரல் காற்று ஓய்ந்தபின் அலை அடங்க எவ்வளவு காத்திருப்பீர்கள்? வழி முழுக்கத் திமிங்கிலங்கள் உலவும் பெலாகோஸ் சரணாலயம். இரவில் அவற்றின்மீது மோதாதிருக்க என்ன செய்கிறீர்கள்? எங்களில் ஒருவருக்குப் படகு ஆடினாலே குமட்டும் (இஞ்சி மரப்பா பலிக்கவில்லை). முறைவைத்துப் படகைக் கவனிக்கும் காவலில் அவருக்கு எந்த நேரத்தைக் கொடுப்பது?