பொங்கல் ராத்திரிகளுக்கு அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் – தண்டையார்பேட்டை

அம்மாவுக்கு 71 வயது. ஆடி மாதம் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. பேச்சு குழறும், ஆனால் நினைவு தெளிவு. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வழக்கமாக வரும் அட்டெண்டர் அக்கா போகிக்கு முந்தின நாள் ஊருக்குக் கிளம்பி, காணும் பொங்கல் முடிந்துதான் திரும்புவார். அவருக்கும் பண்டிகை உண்டே, போகாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? எனக்கு அந்த வாரம் முழுக்க துறைமுகத்தில் நைட் ஷிப்ட், லீவு கிடையாது. மனைவி பிரசவத்துக்குத் தாய்வீட்டில்.

பகலில் நான் சமாளிப்பேன். இரவு 8 முதல் காலை 8 வரைதான் சிக்கல். இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும், டயப்பர் மாற்றணும், இரவு இன்சுலின் போடணும். தண்ணீரை அப்படியே கொடுத்தால் புரையேறும். நிமிர்த்தி உட்கார வைத்து, கெட்டியான கஞ்சியாக ஸ்பூனில்தான் கொடுக்கணும். அதனால் பழக்கமுள்ள பெண் அட்டெண்டர் தேவை. வீடு இரண்டாவது மாடி, லிப்ட் இல்லை.

ஏஜென்சிகளில் கேட்டாயிற்று. பண்டிகை ரேட் இரட்டிப்பு என்கிறார்கள், அதுகூடப் பரவாயில்லை. வருபவரின் ஆதார் நகல் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிக்கு வீட்டுக்கு வருகிறார்கள், நல்ல கவனிப்பு. ஆனால் ராத்திரி தங்குவது அவர்கள் வேலை இல்லை. முதியோர் இல்லத்தில் சில நாள் விடலாம் என்றால் அம்மா சம்மதிக்கவில்லை.

தண்டையார்பேட்டை, ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் பொங்கல் சமயத்தில் இரவு அட்டெண்டர் வைத்தவர்கள் யாராவது இருந்தால், யார் மூலம் ஏற்பாடு செய்தீர்கள், ஒரு இரவுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?